தலைக்கா, மூட்டைக்கா?

நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றத் திட்டமிடுவதற்கு ஒரு மொபைல் செயலி என்றால் வரைபடம், ஹோட்டல், டிக்கெட் என்றுதான் பலருக்கும் தோன்றும். அதற்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆமத்தூரில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர் அப்படி ஒன்றை வடிவமைக்க ஆரம்பித்தபோது, அதிகம் சண்டை போட்டது ஒரே ஒரு திரைக்காகத்தான். செலவை எப்படிப் பிரிப்பது? பயனர் எதையும் மாற்றாமல் விட்டால் செயலி தானாக எதைச் செய்ய வேண்டும்?

சமமாகப் பிரிப்பதுதான் வழக்கம். 2011இல் வந்த ஸ்ப்ளிட்வைஸ் முதல் பல செயலிகள் இதைத்தான் முதலில் காட்டுகின்றன. கணக்காகப் பார்த்தால் சுலபம். பத்துப் பேர் போனால் ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் 45 ஜோடிகளுக்குள் நடக்கலாம். ஆனால் அதிகபட்சம் 9 பரிமாற்றங்களில் எல்லாக் கடனையும் தீர்த்துவிட முடியும். அதையும் குறைத்து, மிகக் குறைந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பதுதான் கணினிக்கே கடினமான புதிர். பொறியாளர்களுக்கு இந்தப் புதிர் ரொம்பப் பிடிக்கும்.

எங்களில் ஒருவன் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறான். அவன் கேட்டது வேறு புதிர். "தலைக்கு மூவாயிரம்னு குரூப்ல போடுற. முடியாதவன் பணம் இல்லன்னா சொல்லுவான்? வேலை இருக்குடா, நீங்க போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவான். அடுத்த தடவை அவனக் கூப்பிடவே மாட்டோம்." சென்னையில் மாதச் சம்பளம் வாங்குகிறவனும், சிவகாசியில் அச்சகத்தில் வாரக்கூலி வாங்குகிறவனும் ஒரே குரூப்பில் இருந்தால், சமம் என்கிற சொல் ஒருவனை ஓசையில்லாமல் வெளியே தள்ளிவிடும்.

கூட்டமாகப் பயணம் போனவர்கள் இதற்கு முன்னால் காசை எப்படிக் கையாண்டார்கள் என்று அதன்பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு வழி, பெரிய மனிதர் ஒருவரை நம்பிப் போவது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பினார். அவரோடு ஏறத்தாழ நூறு பேர். குடும்பத்தினர், வேலையாட்கள், பல்லக்குத் தூக்கிகள் எல்லோரும் சேர்ந்த கூட்டம் அது. 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் அவர் எழுதிய தெலுங்குக் குறிப்புகள் 1838இல் அச்சாகின. இந்த மாதிரிப் பயணத்தில் பிரித்துக்கொள்ளும் பேச்சே எழாது. எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது என்ற பேச்சும் மற்றவர்களுக்குக் கிடையாது. காசு யாருடையதோ, பாதையும் அவருடையது.

இரண்டாவது வழி, பயணத்தையே விலைக்கு வாங்குவது. 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக், லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். நவீனச் சுற்றுலாத் தொழிலின் வரலாற்றை இந்த நாளிலிருந்துதான் பலரும் எழுதத் தொடங்குகிறார்கள். விலை எல்லோருக்கும் ஒன்று, பொறுப்பு நிறுவனத்துடையது. அந்தப் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2019 செப்டம்பரில் திவாலானபோது, வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அரசு ஏற்பாட்டில் விமானம் வைத்து ஊர் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தவற்றில் ஒரு பொது நிதியும் உண்டு. இத்தகைய சுற்றுலாக்களில் ஒவ்வொரு பயணிக்கும் இரண்டரை பவுண்ட் வீதம் பிடித்துச் சேர்த்துவைக்கிற நிதி.

இந்த இரண்டரை பவுண்டைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு மகமை என்று பெயர்.

மூன்றாவது வழி இதுதான். 1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து, தென்மாவட்டப் பாதைகளில் போக்குவரத்து பெருகியபோது, திருநெல்வேலிப் பக்கத்து நாடார் வியாபாரிகள் வடக்கே வந்தார்கள். மாட்டுவண்டிகளில் கருப்பட்டி, கருவாடு, புகையிலை. தனியாகப் போனால் கள்வர் பயம். சேர்ந்து போனாலும் இரவு தங்க இடம் வேண்டும். அதற்காகச் சுவர் எழுப்பிய வளாகங்களைக் கட்டினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் உள்ளே பத்திரமாக இருக்கும். அவைதான் பேட்டைகள். ராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுபட்டி என்று அப்போது அழைக்கப்பட்ட விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் வேரூன்றினார்கள். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவேதான் ஆமத்தூர். அந்த வண்டிகளில் சில எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

பேட்டையைப் பராமரிக்க, காவல் போட, கிணற்றைத் தூர்வாரப் பணம் வேண்டும். அதற்காக வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரிதான் மகமை. அதை நிர்வகித்தது உறவின்முறை என்ற சபை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்களைப் பற்றிய ஆய்வுநூல் இந்த ஏற்பாட்டை விரிவாகப் பேசுகிறது. ஒரு வடிவமைப்பாளனாக எனக்கு அதில் இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் பட்டன. பணம் பயணத்துக்கு முன்னாலேயே பொதுப்பைக்குள் போய்விடுகிறது. அதனால் யாரும் யாருக்கும் கடனாளி ஆவதில்லை. அடுத்தது, வியாபாரத்தை ஒட்டித்தான் மகமை. நூறு மூட்டை கொண்டுவருகிறவர் அதிகம் தருவார், பத்து மூட்டைக்காரர் குறைவாகத் தருவார். இருவர் வண்டியும் ஒரே சுவருக்குள்தான் நிற்கும்.

அதே மண்ணில் இதற்கு நேரெதிரான வழக்கமும் இருக்கிறது. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை. வரி கொடுத்தவன் சாமி முன்னால் சமம் என்கிற கௌரவம் அதில் உண்டு. அதனாலேயே கடன் வாங்கியாவது கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஊர்களில் ஆண் துணை இல்லாத வீடுகளுக்குப் பாதி வரி, அல்லது வரியே இல்லை. ஆக, தலைக்கா மூட்டைக்கா என்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கு.

மகமையைப் பொற்காலமாக்கிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. பேட்டைச் சுவர் ஒரு சாதியாரின் சுவர். உறவின்முறையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படாதவரை ஒதுக்கிவைக்கிற அதிகாரமும் அந்தச் சபைக்கு இருந்தது. வெளியே பகை குறையவில்லை; கோயில் நுழைவை ஒட்டிய மோதல்கள் முற்றி 1899 ஜூன் 6 அன்று சிவகாசியே தாக்கப்பட்டது. அபாயத்தில் சேர்ந்து நின்றவர்களுக்கு நம்பிக்கை சுலபமாக வந்தது என்பதும், அந்த நம்பிக்கைக்கு வாசல் ஒன்றுதான் இருந்தது என்பதும் சேர்ந்தே உண்மை. பள்ளிக்கூட நண்பர்களின் குரூப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே யார் எத்தனை மூட்டைக்காரர் என்று பலகையில் எழுதிப் போட முடியாது.

கோயில் உண்டியல்தான் இதற்கு வழி காட்டியது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது. எண்ணுவது மட்டும் பலர் பார்க்க நடக்கும். எங்கள் செயலியிலும் அப்படியே வைத்தோம். பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தன்னால் முடிந்ததை ஒவ்வொருவரும் எழுதுவார்கள். அந்த எண் மற்றவர் திரையில் வராது, கூட்டுத்தொகை மட்டும் ஏறும். தொகை எட்டவில்லை என்றால் செயலி இரண்டாவது சுற்றுக் கேட்கும். அப்படியும் எட்டாவிட்டால் கொடைக்கானலுக்குப் பதில் குற்றாலம். செலவுக் கணக்கோ டீக்கடை பில் வரை எல்லோருக்கும் திறந்தே இருக்கும்.

பணத்தைச் செயலியே வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பிறர் பணத்தை அப்படிச் சேர்த்து வைக்க, 2007ஆம் ஆண்டின் பணப் பரிமாற்றச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். நான்கு பேர் கம்பெனிக்கு அது எட்டாத உயரம். அதனால் பணம் நண்பர்களில் ஒருவர் கணக்குக்கு யுபிஐ வழியாகப் போகும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அந்த ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் வெளியே சொல்லக் கூடாது. பயணத்துக்குப் பயணம் அந்தப் பொறுப்பு அடுத்த ஆளுக்கு மாறும். வாய்க்கட்டு இல்லாதவரை அந்த இடத்தில் உட்காரவைத்தால் மொத்த ஏற்பாடும் குலைந்துவிடும். இதற்கு மென்பொருளில் தீர்வு கிடையாது. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக, மீதி. பயணம் முடிந்து பொதுப்பையில் 640 ரூபாய் நின்றால் அதை எட்டாகப் பிரித்துத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். கணக்கு எழுதுகிறவன் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டிகளைக் காக்கச் சேர்த்த மகமை 1875ஐ ஒட்டிப் பேட்டைகளுக்கு முன்னிருந்த தேவை குறைந்தபோது நின்றுவிடவில்லை. மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை 1876இல் வந்துவிட்டது. வண்டிக் கூட்டங்களின் காலம் மெல்லப் போய்விட்டது. பணமோ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. 1880களில் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று சேர்த்தும் அதை நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது.

640 ரூபாயில் பள்ளிக்கூடம் கட்ட முடியாது. ஆனால் அடுத்த தடவை "வேலை இருக்குடா" என்று சொல்லப்போகிறவனுக்கு அது போகிற வழி பஸ் டிக்கெட். அதனால் பயணம் முடிந்ததும் மீதிப் பணம் அப்படியே அடுத்த பயணத்தின் முதல் வரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். யார் போட்டது என்ற பெயர் அதன் பக்கத்தில் இருக்காது.