கான்சாஸ் சிட்டி மூடிய சேனல்

பொது இடத்தை எல்லோருக்கும் திறந்துவிட மனமில்லாதபோது அதற்கே பூட்டுப் போட்டுவிடுவது ஆதிக்கவாதிகளும் அவர்களுக்கு அஞ்சும் அதிகாரிகளும் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்ததை நாம் பார்த்தோம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகராட்சி, கறுப்பின மக்களும் குளிக்க வருவார்கள் என்றானதும் 1960களில் தன் நீச்சல் குளங்களை மூடியது. எல்லோருக்கும்தானே மூடினார்கள் என்கிற தொனியில் 1971இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பூட்டை 1988இல் ஒரு கறுப்பினத் தலைவர் கையில் எடுத்தார். மிசூரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் நடந்தது இது. பூட்டப்பட்டது ஒரு கேபிள் டிவி சேனல். எதிரே நின்றது கு கிளக்ஸ் கிளான்.

முதலில் அந்தச் சேனல் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கேபிள் நிறுவனம் தெருவைத் தோண்டாமல், கம்பம் நடாமல் தொழில் செய்ய முடியாது. தெரு நகராட்சியுடையது. ஆகவே அனுமதி கொடுக்கும்போது நகராட்சிகள் பேரம் பேசின: வருமானத்தில் ஒரு பங்கு, கூடவே பொதுமக்களுக்கென ஒரு சேனல். 1971இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இப்படிப்பட்ட பொதுச் சேனல்கள் தொடங்கின. யார் வேண்டுமானாலும் நேரம் கேட்கலாம், முதலில் வந்தவருக்கு முதலில். அமெரிக்க ஊடகங்கள் வெள்ளையரின் கண் வழியாகவே உலகைக் காட்டுகின்றன என்று 1968இல் அரசு அமைத்த கெர்னர் ஆணையமே சொல்லியிருந்தது. அந்தப் பின்னணியில் இது சிறிய விஷயமல்ல.

பெரிய கேபிள் நிறுவனங்கள் இப்படிச் சேனல் ஒதுக்க வேண்டும் என்ற மத்திய ஆணையத்தின் விதியை 1979இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை உள்ளூர் அரசுகளிடம் உறுதி செய்தது. மொத்த வருவாயில் 5 விழுக்காடு வரை கட்டணம் வாங்கலாம். பொதுமக்களுக்கும் கல்விக்கும் அரசுக்கும் சேனல் கேட்கலாம். அந்தச் சேனல்களில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று சொல்லும் உரிமை கேபிள் நிறுவனத்துக்குக் கிடையாது. (நம்முடைய 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின்படி ஆபரேட்டர் 2025 ஜனவரி வரை தபால் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது, தூர்தர்ஷனைக் காட்ட வேண்டும். நடவடிக்கை எடுக்க ஆட்சியரும் காவல் ஆணையரும் உண்டு. மக்களுக்கென ஒரு சேனல் என்ற பேச்சே அதில் இல்லை.)

இந்தத் திறந்த கதவைத்தான் கிளான் தட்டியது. கலிபோர்னியாவில் டாம் மெட்ஸ்கர் தயாரித்த 'ரேஸ் அண்ட் ரீசன்' என்ற வெள்ளை நிறவெறி நிகழ்ச்சியைக் கான்சாஸ் சிட்டியில் ஒளிபரப்பக் கேட்டார்கள். உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கன் கேபிள்விஷன் நிறுவனம் தட்டிக்கழிக்கப் பார்த்தது. சரி, பயிற்சி எடுத்து நாங்களே தயாரிக்கிறோம் என்றார்கள். ஸ்டுடியோ இருந்ததோ கறுப்பின மக்கள் வாழும் பகுதியில். மரத்தில் தொங்கவிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெரு வழியாகக் கிளான் ஆட்கள் கேமரா பிடிக்கப் போவார்கள்.

எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் இமானுவல் கிளீவர். போதகர், நகரமன்ற உறுப்பினர். 1991இல் அந்நகரின் முதல் கறுப்பின மேயராக வந்தவரும் இவரே. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துத் தடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 1988 ஜூனில் நகரமன்றம் பொதுச் சேனலையே நீக்க அனுமதித்தது. அதற்குப் பதிலாக, நிறுவனமே நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் ஒரு சேனல்.

கிளீவரின் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த அச்சம் கற்பனையும் அல்ல. வழக்குத் தொடுத்த கிளான் தலைவர்களில் ஒருவரான டென்னிஸ் மஹோன், 2004இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகராட்சியில் கறுப்பின அதிகாரி ஒருவரைக் காயப்படுத்திய பார்சல் குண்டு வழக்கில் 2012இல் 40 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அந்தப் பூட்டால் லாபம் அடைந்தது யார்? கேபிள் நிறுவனம். நேரம் கேட்கும் உரிமையைக் கிளான் மட்டுமா இழந்தது, அதே தெருவில் வாழ்ந்த கறுப்பின மக்களும் சேர்ந்தே இழந்தார்கள். பணம் உள்ளவனுக்கு வேறு சேனல் உண்டு. இவர்களுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

கிளானுக்காக அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கத்தின் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 1989 மே மாதத்தில், வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய நகரத்தின் மனுவை மத்திய மாவட்ட நீதிமன்றம் நிராகரித்தது. ஒரு கருத்தை வாயடைப்பதற்காகப் பொது மேடையையே கலைத்தால் அரசியல் சட்டத்தின் கேள்வியிலிருந்து தப்ப முடியாது என்பதே அதன் சாரம். அந்த ஜூலையில் நகரமன்றம் சேனலைத் திரும்பக் கொண்டுவந்தது. 1990இல் கிளான் நிகழ்ச்சி வந்தது. வேறு சில ஊர்களில் எதிர்ப்பாளர்கள் அதே சேனலில் நேரம் கேட்டு, வெறுப்பு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் தங்கள் நிகழ்ச்சியைப் போட்டார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. கதவு திறந்திருந்தால்தான் அதுவும் முடியும்.

பிற்பாடு வந்த பூட்டுக்குச் சத்தமே இல்லை. தொலைபேசி நிறுவனங்களும் வீடியோ தொழிலில் இறங்கியபோது, ஊர் ஊராகப் பேரம் பேசுவது தொல்லை என்றார்கள். 2005இல் டெக்சாஸ், 2006இல் கலிபோர்னியா, 2007இல் மிசூரி என்று அனுமதி தரும் அதிகாரம் நகராட்சிகளிடமிருந்து மாநில அளவுக்குப் போனது.

இந்த வரலாற்றில் இன்னொரு வழக்கும் உண்டு. மன்ஹாட்டனின் பொதுச் சேனலை ஒரு தனியார் லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. கிழக்கு ஹார்லெமின் ஏழை மக்களை அந்த அமைப்பு புறக்கணிக்கிறது என்று படம் எடுத்த இருவர் அதே சேனலில் அதை ஒளிபரப்பினார்கள். பின்னர் அவர்களைச் சேனலைப் பயன்படுத்தவிடாமல் தடை செய்தார்கள். 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: நடத்துவது அரசு அல்ல, ஆகவே கருத்துரிமைச் சட்டத்திருத்தம் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்தாது. கான்சாஸ் சிட்டியில் கிளானுக்குக் கிடைத்த பாதுகாப்பு கிழக்கு ஹார்லெமுக்குக் கிடைக்கவில்லை.