துணியும் தையலும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் பிரிந்தால் செக்கிங்கில் பிடித்து, மறுபடி ஓவர்லாக் அடித்துவிடலாம். உணவுக்குழாயில் போட்ட தையல் பிரிந்தால்? உயிருக்கே ஆபத்து!

1913. நியூயார்க்கில் டாக்டர் ஃபிரான்ஸ் டோரெக், 67 வயதுப் பெண்மணியின் புற்றுநோய் பிடித்த உணவுக்குழாயை வெட்டியெடுத்தார். உள்ளே எதையும் இணைத்துத் தைக்கவில்லை. கழுத்திலிருந்து இரைப்பைக்கு, உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அவ்வளவுதான்! அதன் வழியே சாப்பிட்டபடி அந்தம்மா 13 வருஷம் வாழ்ந்தார்.

இன்று இரைப்பையையே மேலே இழுத்துத் தைக்கிறார்கள். ஆனாலும் தையல் கசியும் பயம் போகவில்லை. கூடவே நிமோனியா. யாருக்கு அதிகம்? புகைப்பவர்கள், சாப்பிட முடியாமல் இளைத்தவர்கள், நுரையீரலோ இதயமோ பலவீனமானவர்கள், சர்க்கரைக்காரர்கள்.

‘ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு, அதுவரைக்கும் ஒரே ஒரு பீடி’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஊசி டாக்டர் கையில். துணி நீங்கள் கொடுப்பதுதான். நைந்த துணியில் எந்தத் தையல் நிற்கும், சொல்லுங்கள்?