கோலகுபு

கோலகுபு: சிலாங்கூர் மாநிலத்தின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றோடு குபு ஆறு கலக்கும் இடத்தில் இருந்த பழைய ஈயச் சுரங்க ஊர். 1883-இல் அணை உடைந்து சிதைந்தது. மீண்டும் எழுந்து, பின்னர் ஆற்று மணல் ஏறியதால் கைவிடப்பட்டது. அது இருந்த இடம் இன்று அம்பாங் பெச்சா எனப்படுகிறது. அதற்கு மாற்றாக மேட்டு நிலத்தில் அமைந்த நகரமே கோலகுபு பாரு. ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் காலையில் புறப்பட்டால், இரண்டையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.

பெயர்

மலாய் மொழியில் 'குவாலா' என்பது ஆறுகள் கூடும் இடத்தையும் ஆறு கடலில் சேரும் முகத்தையும் குறிக்கும். மலேசியத் தமிழர் நாவில் அது 'கோல' ஆயிற்று. 'குபு' என்றால் அரண். 'அம்பாங்' என்பது அணை; 'பெச்சா' என்றால் உடைந்தது. ஆக, உடைந்த அணையின் நினைவு ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஈயமும் அணையும்

ஈயம் எடுக்கத் தண்ணீர் வேண்டும். மண்ணை நீரில் கரைத்து ஓடவிட்டால் கனமான ஈயத்தாது அடியில் தங்கும். மணலும் சேறும் நீரோடு போய்விடும். மரத்தட்டில் மண்ணை அள்ளி, ஓடையில் வட்டமாகச் சுழற்றி அலசும் பெண்களும் இதே முறையைத்தான் கையாண்டனர். இந்தத் தேவைக்காக ஊருக்கு மேலே, குபு ஆற்றின் குறுக்கே பழங்காலத்திலேயே ஓர் அணை எழுப்பப்பட்டிருந்தது. 1867 முதல் 1873 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் நிர்வாகம் வந்தது. கோலகுபு மாவட்டத் தலைமையிடமாயிற்று.

1883 பெருவெள்ளம்

1883 அக்டோபர் 29 அன்று கனமழையில் அணை உடைந்தது. ஊர் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. மாவட்ட அதிகாரியும் நீதிபதியுமான செசில் ரேங்கிங் உயிரிழந்தார். ஊர் மக்கள் பலரும் மாண்டனர். அணை நீரைக் காத்துவந்த வெள்ளை முதலையை ரேங்கிங் சுட்டதால்தான் இந்த அழிவு வந்தது என்று உள்ளூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நீரைக் காக்கும் உயிருக்குத் தீங்கு செய்தால் நீர் சும்மா இருக்காது என்பதே அந்தக் கதையின் உட்பொருள்.

ரயிலும் தமிழரும்

ஊர் மீண்டும் எழுந்தது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே நீண்ட ரயில் பாதை 1892-இல் ரவாங்கையும் 1894-இல் கோலகுபுவையும் எட்டியது. அதே 1894-இல்தான் தொழிலதிபர்களான லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கியைப் பொருத்தினர். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் என்று அதுவே சொல்லப்படுகிறது. மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். பின்னர் செரண்டா, பத்தாங் காலி, கெர்லிங் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழ்க் குடும்பங்களும் இந்த ஆற்றுப் படுகையில் வேரூன்றின. கோலகுபு பாருவில் தமிழ்ப்பள்ளியும் உண்டு.

மணலில் மறைந்த ஊர்

இரண்டாம் அழிவு மெதுவாக வந்தது. சுரங்கங்களில் அலசிக் கழித்த மணலெல்லாம் ஆற்றில் சேர்ந்தது. மணல் படியப் படிய ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. நீர் கரையை மீறி வீதிகளுக்குள் வந்தது. 1926-இல் தீபகற்பத்தையே உலுக்கிய பெருவெள்ளம் கோலகுபுவையும் தாக்கியது. இனி அங்கே ஊர் நிற்காது என்பது உறுதியாயிற்று. ஒரே நாளில் வந்த வெள்ளத்திலிருந்து மீண்ட ஊரால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த மணலிலிருந்து மீள முடியவில்லை.

கோலகுபு பாரு

புதிய நகரத்தை வரைந்தவர் சார்ல்ஸ் ரீட். 1921-இல் மலாய் கூட்டு மாநிலங்களின் அரசு நகரத் திட்டமிடுநராகப் பொறுப்பேற்றவர் அவர். கடைவீதிக்கும் அரசுக் குடியிருப்புக்கும் நடுவே பசும் திடலை விட்டு, 'தோட்ட நகரம்' என்ற கருத்தை இங்கே நிலத்தில் இறக்கினார். 1930-களின் தொடக்கத்தில் மக்கள் குடியேறினர். பிரேசர் மலைக்குச் செல்லும் சாலை இங்கிருந்துதான் ஏறுகிறது. அந்த மலைச்சாலையில்தான் 1951 அக்டோபர் 6 அன்று மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டார்.

இன்று

ரவாங்கை விட்டால் செரண்டா, பத்தாங் காலி, ராசா. நான்காவது நிலையம் கோலகுபு பாரு. கடைவீதியின் பழைய வரிசைக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு அம்பாங் பெச்சாவுக்குப் போகலாம். நகருக்கு மேலே, மலைச்சாலையோரம், 2000-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த சிலாங்கூர் ஆற்று அணை நிற்கிறது. அதற்காகப் பெர்தாக், கெராச்சி ஊர்களின் தெமுவான் பூர்வகுடி மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்த இழப்பையும் இவ்வாற்றின் வரலாற்றில் எழுதியே ஆகவேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்று நீர். ஆற்றின் மேல்மடையில் கொட்டியது கீழே ஓர் ஊரையே மூடும் என்பதற்குக் கோலகுபு சாட்சி. அங்கே ஒருநாள் செல்பவர்கள் ஒரு காகிதத்தைக்கூட ஆற்றில் போடாமல் திரும்பவேண்டும்.