பேறுகாலக் காத்திருப்பு: நாரணாபுரம் வட்டாரக் குடும்ப வாழ்வின் வரலாறு

ஒரு பெண் கருவுற்றது தெரிந்த நாள் முதல் குழந்தை பிறக்கும் நாள் வரை அவரது குடும்பம் மேற்கொள்ளும் ஏற்பாடுகள், நம்பிக்கைகள், சடங்குகள், செலவுகள் ஆகியவற்றைப் பேறுகாலக் காத்திருப்பு எனலாம். அரசர்களின் வரலாற்றில் இதற்கு இடமில்லை. ஆனால் ஓர் ஊரின் உழைப்பு, மருத்துவம், சட்டம், பெண்ணின் நிலை ஆகியவை எவ்வாறு மாறின என்பதை இந்தப் பத்து மாதங்களின் வழியே அறியலாம். விருதுநகர் மாவட்டம் சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

ஊரும் தொழிலும்

நாரணாபுரம் வானம் பார்த்த கரிசல் பூமியைச் சேர்ந்த ஊர். கம்பு, சோளம், பருத்தி ஆகியவற்றை நம்பியிருந்த இவ்வட்டாரத்தில் மழை பொய்த்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, இவ்வட்டாரத்தின் பெரும்பாலான குடும்பங்களில் ஒருவராவது தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ போய்வந்தார். தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று அழைப்பது இப்பகுதி வழக்கு.

இத்தொழிலில் பெண்களின் பங்கு மிகுதி. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், காகிதக் குழாய் உருட்டுதல், சரம் பின்னுதல் ஆகியவை பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தன. எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. ஆகவே கருவுற்ற பெண் ஒரு நாள் ஓய்வெடுத்தால் அன்றைய வரவு குறையும். இங்கு பேறுகாலக் காத்திருப்பின் கதை கூலிக் கணக்கோடு பின்னிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

சொற்களில் உள்ள செய்தி

கருவுற்ற செய்தியை நேராகச் சொல்லும் பழக்கம் முன்பு இல்லை. 'முழுகாமல் இருக்கிறாள்' என்பர். மாதவிலக்கு முடிந்து தலை முழுகும் வழக்கத்தை ஒட்டி எழுந்த தொடர் இது. அந்த மாதம் முழுகவில்லை என்றால் கரு தங்கியது என்று பொருள். 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்பது மற்றொரு வழக்கு. கருவுற்றவளைப் பிள்ளைத்தாய்ச்சி என்றனர். முதல் பிள்ளை தலைச்சன் பிள்ளை ஆயிற்று. 'சூல்' என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே உள்ளது.

மாதக் கணக்கும் நாட்காட்டியைப் பார்த்து வைக்கப்படவில்லை. 'பங்குனிப் பொங்கலுக்கு முழுகாமல் ஆனாள், மார்கழியில் பேறுகாலம்' என்று திருவிழாவை வைத்தே எண்ணினர். பிறந்த நாளையும் அவ்வாறே நினைவில் வைத்தனர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்து, குறித்த காலத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்றது. ஆயினும் அதன்பின் பல ஆண்டுகள் வரை சான்றிதழ் இல்லாத பிள்ளைகளே பள்ளிக்கு வந்தனர். வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி வயதை உறுதிசெய்து, சூன் மாதத்தில் ஐந்து வயது நிறையும்படி ஒரு தேதியை ஆசிரியர்களே எழுதினோம். இன்று அறுபதைக் கடந்த பலரின் பிறந்த நாள், தாய் காத்திருந்த நாள் அன்று. ஆசிரியர் எழுதிய நாள்.

சுமைதாங்கிக் கல்

காத்திருப்பு எப்போதும் மகிழ்ச்சியில் முடியவில்லை. அதற்குச் சான்று தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள். இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியது போன்ற அமைப்பு அது. தலைச்சுமையோடு நடந்து வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் தோள் உயரத்தில் அமைக்கப்பட்டது. கருவுற்ற நிலையிலோ பிள்ளைப்பேற்றின்போதோ இறந்த பெண்ணின் நினைவாக அவளது குடும்பத்தார் இதனை நிறுவுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் சுமையை இறக்கும்போது ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. சாலையில் நிற்கும் அக்கல் ஒரு வகையில் மகப்பேற்று இறப்புப் பதிவேடே ஆகும்.

வளைகாப்பும் தாய்வீடும்

பிள்ளைத்தாய்ச்சியின் உயிர் குறித்த இந்த அச்சத்தை அறிந்தால்தான் வளைகாப்பின் பொருள் விளங்கும். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ, ஒற்றைப்படை மாதம் பார்த்து இது நடத்தப்படும். முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாக அணிவித்து, பின் கண்ணாடி வளையல்களை அடுக்குவர். சுமங்கலிப் பெண்கள் கன்னத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் இடுவர். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் எனக் கலவைச் சோறு ஐந்து வகையாகவோ ஏழு வகையாகவோ அமையும். மசக்கை கண்ட வாய்க்குப் புளிப்பும் இனிப்பும் பிடிக்கும் என்பதே இதன் அடிப்படை. வளையல் ஒலி வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பர். கருவிலுள்ள குழந்தை ஐந்தாம், ஆறாம் மாதத்திற்குப் பின் ஒலியை உணரத் தொடங்குகிறது என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது.

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. மாமியார் வீட்டில் அடுப்பு, தண்ணீர்க் குடம், கட்டை அடுக்குதல் என ஓயாத பெண்ணுக்கு, முறைப்படி ஓய்வு வழங்கிய ஏற்பாடு இது ஒன்றே. சட்டம் விடுப்பு தருவதற்கு முன்பே சடங்கு விடுப்புத் தந்தது. ஆனால் அந்த விடுப்பு தலைச்சன் பிள்ளைக்கு மட்டுமே கிடைத்தது. இரண்டாம், மூன்றாம் பேற்றின்போது இடுப்பு வலி வரும்வரை வேலை செய்த பெண்களே மிகுதி.

தாய்வீட்டில் காத்திருப்பு வேறு வகையில் நடந்தது. பிறக்காத குழந்தைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது என்பதால் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்து வைப்பர். நைந்த சேலை பச்சை உடம்புக்கு உறுத்தாது, தொட்டிலுக்கும் அதுவே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி சேர்த்துப் பேறுகால மருந்து கிண்டப் பொருள் சேர்ப்பர். இவ்வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். ஆபீசில் வெடிக்காகக் கலக்கும் கலவையும் மருந்துதான். வீட்டில் தாய்க்காகக் கிண்டும் லேகியமும் மருந்துதான். ஒரே குடும்பத்தில் ஆண் முன்னதைக் கலந்துவிட்டு மாலையில் பின்னதற்குக் கருப்பட்டி வாங்கி வருவதுண்டு. அவர் நலமாக வீடு திரும்புவதும் அக்குடும்பத்தின் காத்திருப்பில் ஒரு பகுதியே.

மருத்துவச்சி முதல் செவிலியர் வரை

சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844-லேயே தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை. ஆனால் கரிசல் கிராமங்களில் அதற்குப் பின்னும் நூறாண்டுகளுக்கு மேல் மருத்துவச்சியே துணை. பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்தைச் சேர்ந்த அப்பெண்கள் அனுபவத்தால் கைதேர்ந்தவர்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி சிறிது தானியமும் ஒரு பழைய சேலையும்தான். குழந்தை குறுக்கே கிடந்தாலோ உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்கள் கையிலும் வழி இல்லை. தொப்புள்கொடியை அறுக்கும் கருவி தூய்மையாக இல்லாததால் பல சிசுக்கள் இரணஜன்னியால் இறந்தன. பின்னாளில் அரசு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளித்தது. கருவுற்ற தாய்மார்களுக்குத் தடுப்பூசியும் போடப்பட்டது. 2015-இல் தாய், சேய் இரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வரத் தொடங்கியதும் காத்திருப்பின் முறை மாறியது. இரத்த அளவு, எடை, இரத்த அழுத்தம் ஆகியவை அட்டையில் ஏறின. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். 'மாத்திரை தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும்' என்றும், 'நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும்' என்றும் இருந்த அச்சங்களைச் செவிலியர்கள் திண்ணையில் அமர்ந்து பேசியே போக்கினர். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்காமல், முதலில் வரும் சீம்பாலையே ஊட்ட வேண்டும் என்பதையும் அவர்களே கற்பித்தனர். ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவும் பகலும் இயங்கத் தொடங்கின. 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை வந்தது. அதுவரை இரவில் வலி கண்டால் மாட்டுவண்டியோ, சரக்கு ஏற்றும் வண்டியோதான் துணை.

இம்மாற்றத்தை எண்ணிக்கையிலும் காணலாம். 2001–03 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018–20 காலத்தில் இது 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்தியச் சராசரி 97. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. புதிய சுமைதாங்கிக் கற்கள் நடப்படாததற்குத் தலைச்சுமை குறைந்தது மட்டும் காரணம் அன்று.

சட்டமும் கூலியும்

சென்னை மாகாணத்தில் மகப்பேற்று உதவிச் சட்டம் 1934-இல் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான மகப்பேற்று நலச் சட்டம் 1961-இல் வந்தது. இது 12 வார ஊதிய விடுப்பை உறுதிசெய்தது. பிரசவத்திற்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தது. முதலில், முந்தைய ஓராண்டில் 160 நாள் வேலை பார்த்திருந்தால்தான் இப்பயன் கிடைக்கும். 1988 திருத்தத்தில் அது 80 நாளாகக் குறைக்கப்பட்டது. 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது.

சட்டம் இருந்தும் பலருக்கு அது எட்டவில்லை. வீட்டில் அமர்ந்து பெட்டி ஒட்டும் பெண்ணின் பெயர் எந்தத் தொழிற்சாலைப் பதிவேட்டிலும் இல்லை. 80 நாளை அவர் எதைக் காட்டி நிறுவுவார்? பேறுகாலச் செலவுக்கு ஆபீசில் முன்பணம் வாங்கிய குடும்பத்தில், பச்சை உடம்புக்காரி கடனைக் கழிக்கச் சீக்கிரமே வேலைக்குத் திரும்ப நேர்ந்தது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினராக இருந்த மருத்துவரின் பெயரால் அமைந்த இத்திட்டம், ஏழைத் தாயின் சத்துணவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாகப் பணம் தருகிறது. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி, 2011-இல் 12,000 ரூபாயாகவும் 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இதைப் பெற, கருவுற்றதைச் செவிலியரிடம் முன்கூட்டியே பதிய வேண்டும். 'முழுகாமல் இருக்கிறாள்' என்று காதோடு சொல்லப்பட்ட செய்தி இன்று கணினியில் எண் பெறும் செய்தி ஆகிவிட்டது.

மூத்த பெண்ணின் காத்திருப்பு

வீட்டில் குழந்தையை எதிர்பார்த்தவர் தாய் மட்டும் அல்லர். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி திடீரென்று வராமல் போனால், காரணம் கேட்கும் முன்பே தெரிந்துவிடும். 'அம்மாவுக்கு மாசம் ஆயிருச்சு சார்' என்று தோழிகள் சொல்வார்கள். தாயின் இடத்தில் சோறு பொங்கவும், தாய் அடுக்காத கட்டையை அடுக்கவும் மூத்த பெண் வேண்டும். தம்பி பிறந்தபின் தொட்டிலை ஆட்டவும் அவளே வேண்டும். சிலர் மூன்று மாதம் கழித்துத் திரும்பினர். சிலர் திரும்பவே இல்லை. வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்தவர்களும் உண்டு. எல்லோரையும் அழைத்து வர இயலவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இந்நிலையை மாற்ற உதவின. சத்துணவும் துணைசெய்தது. ஆனால் தாய்க்குக் கூலியோடு விடுப்புக் கிடைத்தால் மகளின் படிப்பு தப்பும் என்பது, தாய் நலத்தையும் கல்வியையும் தனித்தனியே எண்ணுவோர் கவனிக்காத உண்மை.

இன்று

அங்கன்வாடிகளின் வழியே அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. ஒரே பந்தலில் பல சமூகத்துப் பெண்கள் வரிசையாக அமர்ந்து வளையல் அணிகின்றனர். தாய்வீட்டுக்கு வசதியில்லாத பெண்ணுக்கும் அதில் இடமுண்டு. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பது 1994 சட்டப்படி குற்றம். ஆயினும் நடையை, முகத்தை, வயிற்றின் வடிவைப் பார்த்து ஊகிக்கும் பாட்டிகள் இன்னும் உள்ளனர். அவர்களின் ஊகம் பாதி தடவை சரியாகவே இருக்கும்; இருப்பது இரண்டே விடை அல்லவா.

நாரணாபுரத்தில் இன்றும் பழைய சேலை மடித்து வைக்கப்படுகிறது, கருப்பட்டியும் வாங்கப்படுகிறது. அவற்றோடு செவிலியர் தந்த அட்டையும் ஒரு பையில் தயாராக இருக்கிறது. பழையதில் அன்பும், புதியதில் பாதுகாப்பும் உள்ளன. மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம், 'என்னை எதிர்பார்த்திருந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வைக்கலாம். எந்த ஏட்டிலும் பதிவாகாத ஊர் வரலாற்றின் ஒரு பக்கம் அவ்விடையில் இருக்கும்.