தகர வில்லையிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரை

1901இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிச் செல்லும் முறையில் ஒரு மாற்றம் வந்தது. தமிழக ஊர்களிலிருந்து, ஆள் திரட்டும் கங்காணியோடு புறப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். துளையில் கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். தகரத்தில் பதிந்திருந்தவை இரண்டு எண்கள்: ஒன்று தோட்டத்துக்குரியது, மற்றது ஆளுக்குரியது. வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று அதிகாரிகளுக்குத் தெரிய அது போதும். அதை அணிந்தவரின் பெயரோ தகப்பன் பெயரோ ஊரோ அதில் கிடையாது. இப்படிப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பின்னாளில் நாடற்றவர் ஆனதற்கு அவர்களிடம் ஆவணம் இல்லாததே காரணம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. இந்த வில்லையைப் பார்த்தால் அந்தக் கூற்று எவ்வளவு பிழையானது என்று புரியும். அவர்களைப் பற்றிய பதிவுகளுக்கு அந்தத் தீவில் குறைவே இருந்ததில்லை. அத்தனையும் வேறொருவருடைய தேவைக்காக எழுதப்பட்டு வேறொருவருடைய அலமாரியில் இருந்தன.

‘துண்டு’ என்ற தாளையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆளுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று எழுதித் தரும் சீட்டு அது. அந்தச் சீட்டு கங்காணிகளிடையே கைமாறியபோது அதோடு ஆளும் கைமாறினார். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது. செக்ரோல் என்ற தோட்டப் பேரேட்டில் நாள்தோறும் பேர் விழுந்தது. அது சம்பளக் கணக்கு, இருந்த இடம் தோட்ட மேலாளரான துரையின் ஆபீஸ். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பும் துரையிடமே இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறுவது ஒன்று, அதன் நகலைக் காசு கட்டி வாங்கி வீட்டில் வைப்பது இன்னொன்று. எதற்குத் தேவைப்படும் என்று யாரும் சொல்லாத ஒரு தாளை நாள்கூலிக்காரர் எதற்காக வாங்கி வைத்திருப்பார்?

அது எதற்கென்று 1948இல் தெரிந்தது. இலங்கைக் குடியுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்பு மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டும். மனுப்போட 1951 ஆகஸ்ட் 5 வரை, இரண்டே ஆண்டு அவகாசம். தாய்வீட்டுக்கோ திருவிழாவுக்கோ இந்தியா போனவர் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அந்த ‘இடைவிடாமை’ அறுந்தது. மனைவி மக்களின் வதிவையும் காட்ட வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் இதற்கு என்னென்ன திரட்ட வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்: வேலை செய்த ஒவ்வொரு தோட்டத்தின் செக்ரோல் விவரம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கல்யாணத்துக்குச் சான்று. எல்லாத் தாளிலும் ஒரே பெயர் இருக்கவும் வேண்டும். தமிழில் சொன்ன பெயரை ஒரு கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார், அடுத்த தோட்டத்தில் வேறு விதமாக எழுதியிருப்பார்கள். ஓர் எழுத்து மாறினால் விசாரணையில் இவர் வேறு ஆள். சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

குடிமகன் யாரென்று அறிய ஓர் அரசு ஆவணம் கேட்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாட்டன் பிறந்த பத்திரம் கண்டியக் கிராமத்து விவசாயியிடமும் இருந்திருக்காது, யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடமும் இருந்திருக்காது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தபோது அரசுக்கு இல்லாத ஐயம் இரண்டே ஆண்டில் எங்கிருந்து வந்தது? காங்கிரஸ் முதலில் மனுக்களைப் புறக்கணிக்கச் சொன்னதால்தானே கடைசி நேரத்தில் அவசரமாக, குறையோடு மனுப்போட்டார்கள் என்ற வாதமும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. புறக்கணிப்பு விலைமதிப்பில்லாத மாதங்களைத் தின்றது. ஆனாலும் முழு இரண்டு ஆண்டும் கையில் இருந்திருந்தாலும் துரையின் அலமாரிச் சாவி தொழிலாளியிடம் வந்திருக்காது. 2003இல் இலங்கை நாடாளுமன்றம் நாடற்றவராக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கியபோது, 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அவர் வழிவந்தவர் என்பதே அடிப்படையானது. முப்பாட்டனை யாரும் தேடவில்லை. சுமையைக் குறைக்க வழி அப்போதுதான் பிறந்தது என்று நான் நம்பவில்லை. 1949இலும் அது இருந்தது.

அந்த 1964 அக்டோபர் 30, இலங்கை–இந்திய அரசுகளிடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் அன்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் பெற்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். 1917 வாக்கில் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை மருத்துவச் சோதனை செய்து தீவுக்கு அனுப்ப அமைந்த அதே முகாம் அது. 1984இல் கப்பல் நின்றபோது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பலர் இலங்கையில் தங்கிப்போனார்கள்.

இலங்கையின் உள்நாட்டுப் போருக்கு அஞ்சி வந்த அகதிகளுக்கும் மண்டபமே முதல் தங்குமிடம் ஆனது. அங்கே 1986இல் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண் இந்தியப் பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்ற சட்டப்படி, 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. பெற்றோர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பது தடையாக நிற்கவில்லை. அவரிடம் மண்டபத்தில் பதிவான பிறப்புச் சான்றிதழ் இருந்தது.