அடங்கிய அழுகை

குழந்தை ஓயாமல் அழுதால் பேய் அண்டியது என்பார் உண்டு. கண்ணேறு பட்டது என்று கற்பூரம் கொளுத்துவார் உண்டு. அவர்களைக் கண்டு நாம் நகைக்கிறோம், நகைக்கத்தான் வேண்டும். ஆனால் பூசாரியும் உடுக்கையும் நுழையாத இடத்தில், வெள்ளை அங்கி அணிந்த கற்றறிந்தோர் அவையில், குழந்தை மனம் பற்றிய மூடநம்பிக்கை ஒன்று நெடுங்காலம் அரசோச்சியதே, அதை அறிவோமா? இலண்டன் மாநகர மருத்துவமனைகளின் வரலாறு அதனைக் கூறும்.

நோயுற்ற பிள்ளையைப் பெற்றோர் காண எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று 1949-இல் அந்நகரில் கணக்கெடுத்துப் பார்த்தனர். கய்ஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை, அவ்வளவே. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுதும் சந்திப்பே கிடையாது. இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே, உறங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். லண்டன் மருத்துவமனையிலோ, 3 வயது நிரம்பாத குழந்தையைத் தடுப்பின் வழியேதான் காணலாம். சிறைப்பட்டவனைப் பார்க்கப் போனவனுக்குக்கூட இதைவிடச் சலுகை உண்டு!

காரணம் கேட்டால், தொற்றுநோய் வரும் என்றனர். அதனினும் அவர்கள் பெரிதாக நம்பிய காரணம் வேறு. தாய் வந்து போனால் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் இரண்டொரு நாளில் அடங்கிவிடுகிறது. அடங்கிய பிள்ளை நலமாக இருக்கிறது! காலமும் அதற்கு ஒத்து ஊதியது. ஜான் வாட்சன் எனும் அமெரிக்க உளநூலார் 1928-இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளையைக் கட்டியணைக்காதீர், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று அறிவியலின் பெயரால் அறிவுரை வழங்கியிருந்தார். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920-களிலேயே தாயையும் பிள்ளையுடன் தங்கவைத்து மருத்துவம் செய்து வந்தார். அவரைப் பின்பற்றினோர் சிலரே.

போர் வந்தது. 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, மூன்று நாள்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேரைப் பிரிட்டன் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கு அனுப்பிற்று. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தாயினின்று பிரித்தால் மனத்துக்குக் கேடு விளையும் என்று பவுல்பி, வினிகாட், மில்லர் என்ற மூன்று மருத்துவர்கள் அவ்வாண்டு டிசம்பரிலேயே மருத்துவ ஏட்டில் எச்சரித்தனர். போர்க்காலத்தில் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டு அம்மையாரும் டாரதி பர்லிங்காமும் கண்டதும் அதுவே. வெடிகுண்டு அருகே விழுந்தும், தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. பிரிவைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

அந்தக் காப்பகத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டும் வேலையில் ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பது பெயர். கிளாஸ்கோ தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே எந்த வேலை பார்ப்பவராயினும் பிள்ளைகளைப் பற்றிக் கண்டதைச் சீட்டில் எழுதித் தரவேண்டும் என்பது அன்னா அம்மையாரின் விதி. அடுப்பு மூட்டியவரும் எழுதினார். பார்க்கக் கற்றுக்கொண்டார். பின்னர், 1948 முதல் பவுல்பியின் ஆய்வுத் துணைவராக மருத்துவமனை விடுதிகளில் அமர்ந்து, பட்டம் பெற்றோர் காணாததை அவர் கண்டார்.

முதலில் பிள்ளை கதறுகிறது. வாயிலையே பார்க்கிறது, காலடி ஓசை கேட்குந்தோறும் தாயோ எனத் திரும்புகிறது. அடுத்து, கதறல் ஓய்ந்து, ஒடுங்கி, சோர்ந்து கிடக்கிறது. இதனை நலம் என்று செவிலியர் எழுதிக்கொண்டனர். நம்பிக்கை இழந்ததின் அடையாளம் என்றார் ராபர்ட்சன். மூன்றாவது நிலை இன்னும் கொடிது. பிள்ளை சிரிக்கிறது, உண்கிறது, வருவோர் போவோரிடமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. தாய் வந்தால் மட்டும் அன்னியரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது.

நம் வகுப்பறைகளிலும் கைகட்டி வாய்பொத்தி இருக்கும் பிள்ளைக்குத்தானே நல்ல பிள்ளை எனும் பெயர்! உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் ஏன் இவன் பேசவே இல்லை என்று ஆசிரியர் கேட்கவேண்டும் எனச் சட்டம் எழுத முடியுமா?

ராபர்ட்சனின் சொல் அவையேறவில்லை. ஆகவே ஒரு படக்கருவி வாங்கினார். 1952-இல், குடலிறக்க அறுவைக்காக 8 நாள் மருத்துவமனையில் இருந்த 2 வயது 5 மாதச் சிறுமியைப் படம் பிடித்தார். வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்தான் என்று எவரும் சொல்லக்கூடாதே என்பதற்காக, நாள்தோறும் குறித்த வேளையில், சுவர்க்கடிகாரமும் தெரியுமாறு எடுத்தார். பொம்மையையும் போர்வைத் துணியையும் இறுகப் பற்றி, அழுகையை விழுங்கி, அம்மா எங்கே என்று மெல்லக் கேட்கும் அந்தச் சிறுமியை மருத்துவர் பேரவையில் காட்டியபோது, அவை கொதித்தது. பொய் என்றனர், மருத்துவமனைக்கு இழுக்கு என்றனர், படத்தைத் திரும்பப் பெறு என்றனர். சினந்தோருள் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி. அவர் செய்ததைத்தான் நாம் பாராட்டுகிறோம். தம் விடுதிக்குத் திரும்பி, தம் நோயாளிப் பிள்ளைகளை உற்றுப் பார்த்தார். படம் மெய் என்று கண்டார். தாய்மார் தங்குவதற்குக் கதவைத் திறந்துவிட்டார்.

1959-இல் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது, சிறு குழந்தையுடன் தாய் தங்க இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, பலகையைக் கழற்றுவது வேறு அல்லவா? 1961-இல் பேட்டர்சி பகுதித் தாய்மார் தாங்களே ஓர் அமைப்புக் கண்டு போராட வேண்டியிருந்தது.

தாய் பிரியக்கூடாது என்றதும், பெண் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் கிடக்கட்டும் என்று இதற்குப் பொருள் சொல்ல ஒரு கூட்டம் ஓடி வந்தது. அவர்களுக்கு விடை தந்தவரும் ராபர்ட்சனே. அவரும் துணைவியார் ஜாய்சும் 1960-களில், தாய் மகப்பேற்றுக்குச் சென்ற வீட்டுப் பிள்ளைகள் நால்வரைத் தம் இல்லத்தில் ஒருவர்பின் ஒருவராக வைத்துப் பேணினர். முன்னதாகவே பிள்ளையுடன் பழகினர். வீட்டு விளையாட்டுப் பொருளைக் கொணரச் செய்தனர். தாயின் நிழற்படத்தைக் காட்டி அவளைப் பற்றிப் பேசினர். அப்பிள்ளைகள் வருந்தினர், ஆனால் உடைந்துபோகவில்லை. அதே காலத்தில் 17 மாதச் சிறுவன் ஒருவன் 9 நாள் காப்பகத்தில் விடப்பட்டான். செவிலியர் அன்பானவர்கள்தாம், ஆனால் இவனுக்கென்று எவரும் இல்லை, முறைமாறி முறைமாறி வந்தனர். கடைசி நாளில் தாய் வந்து கைநீட்டியபோது, அவளிடம் போக மறுத்துக் கதறினான்.