ஒரே மந்திரம், இரண்டு புத்தகம்

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வெளிவந்தது. உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதுதான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். நடத்துகிறவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர்.

பெட்டியைத் திறந்தால் அந்தப் புத்தகமே வேறு புத்தகத்துக்கு ஆள் அனுப்பியது. சண்டை விதிகளுக்கு ‘செயின்மெயில்’ வேண்டும், காடுமேடு சுற்றுவதற்கு இன்னொரு கம்பெனி விற்ற ‘அவுட்டோர் சர்வைவல்’ பலகை வேண்டும் என்றது. ஆக, ஒரு புத்தகத்தின் மேல் இன்னொரு புத்தகம் ஏறி உட்காருவது இந்த ஆட்டத்தில் பிறவியிலேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டே ‘கிரேஹாக்’ என்ற பிற்சேர்க்கை வந்தது. மூலப் புத்தகத்தில் எந்த ஆயுதமானாலும் அடி ஒன்றுதான்: ஆறு பக்கப் பகடை ஒன்று. கிரேஹாக் ஆயுதத்துக்கு ஆயுதம் கணக்கைப் பிரித்தது. குறுவாளுக்கு நான்கு பக்கப் பகடைதான் என்றது. இப்போது குறுவாளால் குத்தினால் எவ்வளவு அடி? இரண்டு புத்தகத்திலும் பதில் இருக்கிறது, இரண்டும் வேறு. டஞ்சன் மாஸ்டர், “நம்ம மேசையில இதுதான்ப்பா” என்பார். பிரச்சினை முடிந்தது. ஒருவர் முனகுவார், ஆட்டம் நகரும்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒரு விதியே எழுதியது: குறிப்பான விதி பொதுவான விதியை வெல்லும். நம் இலக்கணக்காரர்கள் புறனடை என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆனால் இரண்டும் குறிப்பான விதியாக இருந்து, இரண்டும் ஒரே மந்திரத்தைப் பற்றியே பேசினால்? அங்கே மறுபடியும் மனித வாய்தான் வேண்டியிருந்தது.

அந்த வாய் இருந்த இடத்தில் மென்பொருள் வந்து உட்கார்ந்தது. 2004-ல் ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ், 2012-ல் ரோல்20, 2017-ல் டி அண்ட் டி பியாண்ட், 2020-ல் ஃபவுண்ட்ரி. கொரோனா காலத்தில் மேசைகள் கூட்டங்கூட்டமாகத் திரைக்குக் குடிபெயர்ந்தன. புத்தகம் இங்கே மாட்யூல் ஆகிறது. ஒவ்வொரு மந்திரமும், வாளும், பூதமும் தனித்தனிப் பதிவு. நாம் வாசிப்பதற்காக எழுதப்பட்டது, எந்திரம் வாசிப்பதற்காக வெட்டி அடுக்கப்படுகிறது.

எந்திரத்துக்குப் பெயர்தான் தெரியும், பொருள் தெரியாது. 2016-ல் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எஸ்.ஆர்.டி. என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள். அதில் சில மந்திரங்களின் பெயரிலிருந்து மந்திரவாதிகளை மட்டும் நீக்கிவிட்டார்கள். ‘மெல்ஃபின் அமில அம்பு’ வெறும் ‘அமில அம்பு’ ஆனது. மெல்ஃப் என்பது கைகாக்ஸின் மகன் சிறுவயதில் ஆடிய பாத்திரம். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தையும் எஸ்.ஆர்.டி.யையும் சேர்த்துத் திறந்தால், பட்டியலில் இரண்டு அம்புகள் நிற்கும். அம்பு ஒன்றுதான்.

தலைகீழாகவும் நடக்கும். ‘பூமிங் பிளேட்’ என்ற மந்திரம் 2015-ல் ஒரு புத்தகத்தில் வந்தது. 2020-ல் வேறொரு புத்தகத்தில் விதி திருத்தப்பட்டு மறுபடி வந்தது. பெயர் ஒன்று, பாடம் இரண்டு. ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள், அடிக்குறிப்பு போட்டு இரண்டையும் காப்பாற்றுவார்கள். மென்பொருளில் அடிக்குறிப்பு போட இடமில்லை. எதையாவது ஒன்றைச் சொடுக்கித்தான் ஆகவேண்டும்.

அனுபவசாலிகள் கண்ட வழி எளிமையானது. முழுப் புத்தகம் கையில் இருந்தால் எஸ்.ஆர்.டி.யை மூடிவிடு. இந்த ஆட்டத்துக்கு எந்தெந்தப் புத்தகம் என்று முதல் நாளே பேசி, அவற்றை மட்டும் திற. இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தால் தேடியே பொழுது போய்விடும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் உண்டு, பெரிய சண்டை வந்ததும் அதனால்தான். ஃபேண்டஸி கிரவுண்ட்ஸிலும் ஃபவுண்ட்ரியிலும் ஒரு மந்திரத்தை இழுத்து உங்கள் கேரக்டர் ஷீட்டில் போட்டால் அது நகல். மாட்யூலை அப்புறம் மூடினாலும் நகல் உங்களிடமே இருக்கும். டி அண்ட் டி பியாண்டில் அப்படியில்லை. உங்கள் ஷீட், நிறுவனத்தின் பதிவை எட்டிப் பார்க்கும் ஜன்னல். அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்.

2024-ல் புதிய விதிப்புத்தகம் வந்தது. காயம் ஆற்றும் மந்திரம் ஓர் எட்டுப் பக்கப் பகடைக்குப் பதில் இரண்டு பகடை தந்தது. இது லாபம்தான். ஆனால் பழைய விதியில் எட்டு ஓநாய்களை வரவழைத்துக்கொண்டிருந்த ட்ரூயிட்டுக்கு, அதே பெயருள்ள மந்திரம் இப்போது ஓர் ஆவிக் கூட்டத்தை மட்டுமே தந்தது. அந்த ஆகஸ்டில், ஷீட்களில் உள்ள பழைய மந்திரங்களையும் மாயப் பொருட்களையும் புதியவற்றால் மாற்றப்போவதாக டி அண்ட் டி பியாண்ட் அறிவித்தது. பழைய புத்தகம் வாசிக்கக் கிடைக்கும். ஷீட்டில் பழைய மந்திரம் வேண்டுமென்றால் நீங்களே தட்டச்சு செய்து கொள்ளலாம் என்றார்கள்.

ஆடுகிறவர்கள் கொதித்துப் போனார்கள். வருஷக்கணக்காக நடக்கும் கதையின் நடுவில், மேசையில் யாரையும் கேட்காமல் ஒரு பாத்திரத்தின் கையிலிருப்பதைப் பிடுங்குவதா? சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. பழையது ‘லெகசி’ என்ற முத்திரையோடு புதியதன் பக்கத்திலேயே நின்றது. ஃபவுண்ட்ரியிலும் 2014 விதியா, 2024 விதியா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது.

பட்டியலில் ஒரே மந்திரம் இரண்டு முறை நிற்பது எரிச்சலான விஷயம்தான். ஆனால் அந்த இரண்டாவது வரியைத் துடைக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். 1975-ல் குறுவாள் தகராறைத் தீர்த்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார், அவரோடு மல்லுக்கட்ட முடிந்தது. சர்வரில் இருக்கிறவரோடு மல்லுக்கட்ட 2024-ல் ஊரே திரள வேண்டியிருந்தது. அதனால் அடுத்த முறை ஆட்டம் தொடங்கும்போது எந்தப் புத்தகம், எந்த ஆண்டுப் பாடம் என்று எல்லோருமாகப் பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. தீர்ப்பு அதுவரைக்குமாவது மேசையிலேயே இருக்கும்.